ரஷ்யச் சுற்றுலா நடத்தும் தமிழ் நண்பர்களே, பிஸ்கோவ் கோட்டையின் அந்த அலுவலகத்தையும் காட்டுங்கள்

அன்புள்ள பயண ஏற்பாட்டாளர்களுக்கும், குழுக்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி நண்பர்களுக்கும்,

வணக்கம். 2023 ஆகஸ்டில் இந்தியர்களுக்கு மின்விசா வந்த பிறகு ரஷ்யா போவது எவ்வளவோ எளிதாகிவிட்டது. உங்கள் விளம்பரங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அநேகமாக எல்லாமே ஒரே வரைபடம்தான்: மாஸ்கோவில் சில நாள், நடுவில் ஓர் இரவு ரயில், பீட்டர்ஸ்பர்க்கில் சில நாள், அப்புறம் விமானம். அந்த நடு இரவு ரயிலை மட்டும் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மாஸ்கோவிலிருந்து நேராகப் பீட்டர்ஸ்பர்க் போகாமல், ரஷ்யாவின் வடமேற்கு எல்லையோர நகரமான பிஸ்கோவுக்குப் போகும் இரவு ரயிலில் குழுவை ஏற்றுங்கள். பகல் முழுவதும் பிஸ்கோவில் இருந்துவிட்டு, சாயங்காலம் லாஸ்தோச்கா என்ற விரைவு ரயிலில் பீட்டர்ஸ்பர்க் வந்துவிடலாம். சுமார் 290 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் போல ஆகும். கூடுதலாக ஓட்டல் அறை போட வேண்டிய தேவை இல்லை.

அப்படிப் போகும்போது, பிஸ்கோவ் கோட்டைக்குள் இருக்கும் ஒரு கட்டடத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். நான் இவ்வளவு தூரம் எழுதுவது அந்தக் கட்டடத்துக்காகத்தான்.

ரஷ்யர்கள் அதைப் பிரிகாஸ்னியே பலாத்தி என்பார்கள். 1690-களின் முதல் பாதியில் கட்டிய அரசு அலுவலகம். அலுவல் மண்டபம் என்றே இங்கே எழுதுகிறேன். இரண்டு தளம், தடித்த சுண்ணாம்புக்கல் சுவர், மேலே வெள்ளைப் பூச்சு, செங்குத்தான மரக்கூரை, சின்னச் சின்ன சன்னல்கள். பக்கத்தில் திரித்துவப் பேராலயம் வானத்தை முட்டிக்கொண்டு நிற்பதால் யார் கண்ணும் இதன்மேல் விழுவதில்லை. குழுக்கள் வாசலில் நுழைந்ததும் பேராலயத்தின் குவிமாடங்களைப் பார்த்து நடக்கும், படம் எடுக்கும், மதில்மேல் நின்று ஆற்றைப் பார்க்கும், திரும்பிவிடும். யுனெஸ்கோ 2019-இல் பிஸ்கோவின் பத்துக் கட்டடங்களுக்கு உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. பத்தும் தேவாலயங்களும் மடாலயக் கட்டடங்களும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பவருக்கும் இந்த அலுவலகம் தட்டுப்படாது.

மாஸ்கோ கிரெம்ளினைத்தான் ஏற்கெனவே காட்டுகிறோமே, இன்னொரு கோட்டை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மாஸ்கோ கிரெம்ளினிலும் 17-ஆம் நூற்றாண்டில் பிரிகாஸ் எனப்பட்ட மத்திய அலுவலகங்கள் வரிசையாக இருந்தன. 18-ஆம் நூற்றாண்டில் அவற்றை இடித்துவிட்டார்கள். இன்று அங்கே பேராலயங்களும் அரண்மனையும் பீரங்கியும் மணியும் இருக்கின்றன. அந்தச் சாம்ராஜ்யத்தைத் தினமும் ஓட்டிய எழுத்தர்கள் உட்கார்ந்த இடம் இல்லை. அந்தக் காலத்து ரஷ்ய ஆட்சி ஒரு சாதாரண மனிதனுக்கு எப்படித் தெரிந்தது என்று காட்ட, பிஸ்கோவ் மாதிரி ஓர் எல்லை நகரத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாஸ்கோ கிரெம்ளினில் நீங்கள் காட்டும் அறிவிப்புப் பேராலயமும், அதன் பக்கத்தில் உள்ள சின்ன அங்கி வைப்பு ஆலயமும் 1480-களில் பிஸ்கோவ் கட்டுமானக்காரர்கள் கட்டியவை. அதற்கு முன்பு, 1474-இல், பாதி எழும்பிய உஸ்பென்ஸ்கி பேராலயம் இடிந்து விழுந்தபோது, காரணம் சொல்ல மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான் பிஸ்கோவ் ஆட்களைத்தான் கூப்பிட்டான். அவர்கள் வேலையின் வழவழப்பைப் பாராட்டிவிட்டு, சுண்ணாம்புச் சாந்து ஒட்டும் பதத்தில் இல்லை என்றார்கள். கல்லையும் சுண்ணாம்பையும் அவ்வளவு அறிந்த ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சொந்த அரசு அலுவலகத்தை எப்படிக் கட்டினார்கள் என்று பார்க்க உங்கள் பயணிகளுக்கு ஆசை இருக்காதா?

இப்போது இடத்தைச் சொல்கிறேன். வெலிக்கயா ஆறும் பிஸ்கோவா ஆறும் கூடுகிற முனையில், உயரமான பாறைமேல் இருப்பது குரோம், உள்கோட்டை. அதன் முன்னால் இன்னொரு மதில் சூழ்ந்த சிறிய பகுதி, டோவ்மோன்ட் நகர். 1266 முதல் 1299 வரை பிஸ்கோவை ஆண்ட டோவ்மோன்ட் லித்துவேனியாவிலிருந்து ஓடி வந்து ஞானஸ்நானம் பெற்ற இளவரசன். அவன் பெயர்தான் இந்தப் பகுதிக்கு. ஒரு காலத்தில் இந்தச் சின்ன இடத்துக்குள் தேவாலயங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இன்று புல்தரையில் அவற்றின் அடித்தளக் கற்கள் மட்டும் தெரிகின்றன. 1950-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தின் குழு, வசிலி பெலெத்ஸ்கி தலைமையில், இங்கே அகழாய்வு நடத்தியது. 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் கிடைத்தன. ஆவணங்களில் தொங்கவிடும் ஈய முத்திரைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அலுவல் மண்டபம் நிற்பதும் இந்த டோவ்மோன்ட் நகருக்குள்தான். அது எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் எழுத்தும் முத்திரையும் புழங்கியிருக்கின்றன.

பிஸ்கோவ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில் மக்கள் கூடும் வேச்சே என்ற பேரவை இருந்தது. முக்கியமான பத்திரங்களைத் திரித்துவப் பேராலயத்தில் ஒரு பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார்கள். அந்தப் பெட்டியில் இருக்கும் பத்திரத்துக்கு நீதிமன்றத்தில் தனி மதிப்பு. 15-ஆம் நூற்றாண்டில் முழு வடிவம் பெற்ற பிஸ்கோவ் நீதிச் சாசனத்தில் இரண்டு விதிகளை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். இளவரசனும் நகரத் தலைவரும் கூட்டத்தின் நடுவில் நின்று வழக்குத் தீர்க்கக்கூடாது, இளவரசனின் இல்லத்து முன்கூடத்தில் உட்கார்ந்துதான் தீர்க்கவேண்டும் என்பது ஒன்று. ரகசியமாகக் கையூட்டு வாங்கக்கூடாது என்பது இன்னொன்று. வழக்குக்கென்று ஓர் இடம், அந்த இடத்துக்கென்று ஓர் ஒழுங்கு. இந்த இரண்டையும் எழுதிவைத்த ஊர் அது.

1510 சனவரியில் மாஸ்கோவின் மூன்றாம் வசிலி வேச்சே மணியைக் கழற்றி எடுத்துப்போனான். முந்நூறு குடும்பங்களை ஊரைவிட்டு அப்புறப்படுத்தினான். அப்புறம் பிஸ்கோவை நடத்தியவர்கள் மாஸ்கோ அனுப்பிய ஆளுநர்களும், தியாக் எனப்படும் தலைமை எழுத்தர்களும். அந்தத் தியாக்குகளில் ஒருவர் மிஸ்யுர் முனெஹின். மாஸ்கோவை மூன்றாவது ரோமாபுரி என்று சொல்லும் புகழ்பெற்ற கருத்து, எலியாசர் மடாலயத்துத் துறவி ஃபிலஃபேய் எழுதிய கடிதத்தில் வருகிறது அல்லவா? அந்தக் கடிதம் இந்த முனெஹினுக்கு எழுதியது. மாஸ்கோவில் உங்கள் வழிகாட்டிகள் செஞ்சதுக்கத்தில் நின்று மூன்றாவது ரோமாபுரி என்று விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் பிஸ்கோவ் அலுவலக மேசைக்கு வந்த தபாலில் இருந்தது என்று யாராவது சொல்லிக் கேட்டதில்லை.

17-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். ஆளுநர் இடத்தில் இப்போது வோயெவோதா. படையும் வரியும் வழக்கும் எல்லாம் அவர் கையில். 1650-இல் ஊர் பொங்கி எழுந்தது. ஸ்வீடனுக்குக் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகைக்காகத் தானியத்தை வெளியே அனுப்ப ஏற்பாடு நடந்தது. ஊருக்குள் தானிய விலை ஏறியது. பணம் எடுத்துக்கொண்டு வந்த ஸ்வீடன் தூதரை மக்கள் பிடித்து வைத்தார்கள், நகர வாயில்களைச் சாத்தினார்கள், மாஸ்கோ படையை மாதக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 1665-இல், இந்த வட்டாரத்துக்காரரான ஓர்தின்-நஷோகின் வோயெவோதாவாக வந்தார். நகர மக்கள் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆண்டுக்கு ஐந்து பேர் வீதம் ஊர்க்காரியங்களைப் பார்க்கவேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். அவர் போனதும், அடுத்து வந்த ஹொவான்ஸ்கி அதை ஊற்றி மூடினார். இவ்வளவும் நடந்த ஊரில்தான், இன்னும் கால் நூற்றாண்டு கழித்து, அரசு அலுவலகம் கல்லில் எழும்பியது. மரக்கட்டடம் தீப்பிடிக்கும், காகிதம் சாம்பலாகும் என்பது கல்லில் கட்ட ஒரு நியாயமான காரணம். இனி அதிகாரம் இங்கேதான் உட்காரும் என்று ஊருக்குச் சொல்வதும் அந்தத் தடித்த சுவரில் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

உள்ளே என்ன நடந்தது என்பதைத்தான் உங்கள் பயணிகளுக்கு விரிவாகச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காலத்து ரஷ்யாவில் மனு எழுதத் தெரியாதவர் சந்தைச் சதுக்கத்துக்குப் போவார். அங்கே காசு வாங்கிக்கொண்டு மனுவும் பத்திரமும் எழுதித் தரும் எழுத்தர்கள் உண்டு. நம் தாலுகா அலுவலக வாசலில் மரத்தடியில் மேசை போட்டிருப்பவர்களை உங்கள் குழுவில் பார்க்காதவர் யார்? மனுவில் யாரும் தன் முழுப்பெயரை எழுதமாட்டார்கள். இவான் என்பவர் இவாஷ்கோ என்று தன்னைச் சிறுமைப்படுத்தித்தான் எழுதுவார். படைச்சேவை செய்பவர் ஜாருக்கு 'உன் அடிமை' என்பார், நகரத்தாரும் குடியானவரும் 'உன் அநாதை' என்பார்கள், பாதிரியார் 'உனக்காக வேண்டுபவன்' என்பார்.

அந்த மனு உள்ளே போனால் பொத்யாச்சி எனப்படும் எழுத்தர் கைக்கு வரும். முதிய, நடு, இளைய என்று அவர்களில் மூன்று தரம். மனுவுக்குக் கீழே விசாரணைத் தாளை ஒட்டுவார், அதற்குக் கீழே சாட்சியம், அதற்குக் கீழே உத்தரவு. தாள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்டு சுருளாகும். நடுவில் யாரும் ஒரு தாளை உருவிவிட்டு வேறு தாளைச் செருகாமல் இருக்க, பின்பக்கம் ஒவ்வொரு ஒட்டின் மேலும் தியாக் தன் பெயரைத் துண்டு துண்டாகக் கையெழுத்திடுவார். ஓர் ஒட்டில் ஓர் அசை, அடுத்த ஒட்டில் அடுத்த அசை. இந்த முறையில் செய்த 1649-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் மூலச் சுருள் 309 மீட்டர் நீளம்.

எழுத்தர்களில் பலருக்குச் சம்பளம் சொற்பம். சிலருக்குச் சம்பளமே கிடையாது, வரும் காரியத்திலிருந்து பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். வேலை தொடங்கும் முன் கொடுக்கும் மரியாதை, முடிந்த பிறகு கொடுக்கும் அன்பளிப்பு இரண்டையும் உலகம் ஏற்றுக்கொண்டது. தீர்ப்பை வளைக்கக் கொடுக்கும் கையூட்டு மட்டும் குற்றம். மூன்றுக்கும் நடுவில் கோடு எங்கே என்பது மனுவோடு நிற்பவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

கடன் கட்டாதவர்களின் கதை இன்னும் கொடுமை. அலுவலகத்தின் முன்னால் நிறுத்தி, தினமும் முழங்காலுக்குக் கீழே தடியால் அடிப்பார்கள். 1649 சட்டப்படி நூறு ரூபிள் கடனுக்கு ஒரு மாதம் இப்படி நிற்கவேண்டும். ரஷ்யாவின் அலுவலக வாசல்கள் இதைப் பல தலைமுறை பார்த்தன. 1718-இல்தான் முதலாம் பீட்டர் நிறுத்தினார்.

பிஸ்கோவ் மண்டபம் எழும்பிய நேரம் எப்படிப்பட்டது பாருங்கள். சுண்ணாம்பு நன்றாக உலர்வதற்குள் அலுவலக உலகமே புரண்டது. 1699-இல் முத்திரைத்தாள் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் வரை எழுத்தர்கள் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணி 7208 என்று தேதி போட்டார்கள். சனவரியில் 1700 என்று போடவேண்டியதாயிற்று. புத்தாண்டும் செப்டம்பரிலிருந்து சனவரிக்கு மாறியது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒட்டுச் சுருளை விட்டுவிட்டு நோட்டில் எழுதும்படி உத்தரவு. 1701 டிசம்பர் கடைசியில், மனுவில் இனி யாரும் இவாஷ்கோ என்று எழுதக்கூடாது, முழுப்பெயரை எழுதவேண்டும் என்று ஆணை. ஆனாலும் கையெழுத்துக்கு முன் தன்னை அடிமை என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் போகவில்லை. அதைக் கேத்தரின் அரசி நிறுத்தியது 1786-இல். எழுத்தராக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் பத்தே ஆண்டில் தாள், தேதி, மனுதாரரின் பெயர் மூன்றையும் புதிதாக எழுதக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பீட்டரின் சீர்திருத்தத்தைப் பீட்டர்ஹோஃப் நீரூற்றுகளை வைத்து விளக்குகிறீர்கள். அதைவிட இந்த எழுத்தரின் மேசையை வைத்து விளக்கினால் மக்களுக்குச் சட்டென்று பிடிபடும் என்று நம்புகிறேன்.

அடுத்த கதை சுருக்கமானது. 1700-இல் ஸ்வீடனோடு போர் தொடங்கியது. பிஸ்கோவ் எல்லை முகாமாயிற்று. கோட்டையைச் சுற்றி மண்ணால் கொத்தளங்கள் எழும்பின. டோவ்மோன்ட் நகரின் தேவாலயங்கள் படைக்கிடங்குகளாகி, ஒவ்வொன்றாகப் பாழடைந்தன. 1703-இல் பீட்டர்ஸ்பர்க் பிறந்ததும் வணிகமும் கவனமும் அந்தப் பக்கம் போய்விட்டன. 1710-இல் கொள்ளைநோய். 1941 சூலை முதல் 1944 சூலை வரை ஜெர்மானிய ஆக்கிரமிப்பு. போர் முடிந்தபோது நகரத்தில் பெரும்பகுதி இடிபாடு. யூரி ஸ்பெகல்ஸ்கி போன்ற கட்டடக்கலைஞர்கள் வாழ்நாள் முழுக்க உழைத்துப் பிஸ்கோவின் பழைய கல் வீடுகளை அளந்தார்கள், வரைந்தார்கள், காப்பாற்றினார்கள். 2010 ஏப்ரலில்கூடக் கோட்டையின் விளாசியெவ்ஸ்கயா, ரிப்னித்ஸ்கயா கோபுரங்களின் மரக்கூரைகள் தீயில் போயின. பிறகு திரும்பக் கட்டினார்கள். இத்தனைக்கும் நடுவில் இந்த அலுவலகம் நிற்கிறது. இன்று அது பிஸ்கோவ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. வளைவு கூரை போட்ட அறைகளுக்குள் நின்று பார்க்கலாம்.

உங்கள் தரப்புச் சிரமங்கள் எனக்குப் புரிகின்றன. குழுவில் வயதானவர்கள் இருப்பார்கள், இரவு ரயிலிலிருந்து இறங்கியதும் வெந்நீரும் காலை உணவும் வேண்டும், சைவம் கேட்பார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் அரைநாள் அறை பேசிக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ் அடைத்துச் சுட்ட பிரோக் ரொட்டி, பக்வீட் கஞ்சி, காளான், உருளைக்கிழங்கு எல்லாம் அந்த ஊரில் சாதாரணமாகக் கிடைப்பவை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. அருங்காட்சியகக் கட்டடங்கள் சில நாட்கள் மூடியிருக்கும். ஆகவே தேதியை முடிவு செய்யும் முன் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். சனவரியில் தமிழ்நாட்டுக் குழுவை ஆற்றங்கரை மதிலில் ஏற்றாதீர்கள், தயவுசெய்து. இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் இஸ்போர்ஸ்க் கோட்டையும் பெச்சோரி மடாலயமும் பக்கத்திலேயே இருக்கின்றன. முடியாவிட்டால் வேண்டாம். அவற்றைச் சேர்க்கப்போய் அலுவல் மண்டபத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்குவதைவிட, அவற்றை விட்டுவிடுவதே நல்லது.

இன்னொரு வேண்டுகோள், வழிகாட்டிகளுக்கு. இந்த மாதிரிக் கட்டடத்தில் லஞ்சக் கதை சொல்லிச் சிரிக்கவைப்பது சுலபம். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். வெளியே கால் கடுக்க நின்றவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். நிலத் தகராறோடு வந்த விதவை, கடன்பட்ட வணிகர், எல்லைக் கிராமத்தில் வீடு எரிந்துபோய் வரிவிலக்குக் கேட்டு வந்த குடியானவர், இப்படிப்பட்டவர்களின் குரல் எழுத்தில் மிஞ்சியிருப்பதே அந்த மனுக்களால்தான். ரஷ்ய வரலாற்றாசிரியர்கள் 17-ஆம் நூற்றாண்டின் சாதாரண மக்களின் பேச்சையும் துன்பத்தையும் அறிந்துகொள்வது பெரும்பாலும் இத்தகைய சுருள்களிலிருந்துதான். அடக்கிய அதே அலுவலகம் அவர்கள் சொன்னதை எழுதியும் வைத்தது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால், பயணிகள் பேராலயத்துக்குள் நுழையும்போது வேறு கண்ணோடு நுழைவார்கள்.

வரிசையையும் மாற்றிப் பாருங்கள். முதலில் டோவ்மோன்ட் நகரின் அடித்தளக் கற்கள், பிறகு அலுவல் மண்டபம், அதன் பிறகு உள்மதிலைக் கடந்து வேச்சே கூடிய குரோமும் பேராலயமும். நேரே பேராலயத்துக்குப் போய்விட்டால் அதற்குப் பின் எந்தக் கட்டடமும் கண்ணுக்குச் சிறிதாகத்தான் தெரியும்.

உங்களில் யாராவது அடுத்த கோடைக்குத் திட்டம் போடுகிறீர்கள் என்றால், இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பயணிகள் கையில் கொடுக்க இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்றை எழுதித் தருகிறேன். காசு வேண்டாம். பெயர்களுக்கு ரஷ்ய உச்சரிப்பும், கோட்டையின் எளிய வரைபடமும், அன்றைய ஒரு மனு எப்படி எழுதப்பட்டது என்பதற்கு ஒரு மாதிரியும் அதில் இருக்கும். ரயில் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் அதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ரஷ்ய வரலாறு படிக்கும் ஒரு தமிழ் வாசகர்